எல்லாம் சேர்த்து 1,180 ரூபாய்: அதில் பொருள் எவ்வளவு, வரி எவ்வளவு?

கடைக்கு வருகிறவர்கள் யாரும் வரிக்கு முன்னால் எவ்வளவு என்று கேட்பதில்லை. "எல்லாம் சேர்த்து எவ்வளவு அண்ணாச்சி?" என்றுதான் கேட்பார்கள். அண்ணாச்சியும் மேசையில் கிடக்கும் பைப், எல்போ, பிளம்பிங் சாமான் எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "1,180 கொடுங்க" என்பார். பணம் கல்லாவுக்குப் போய்விடும். அதற்கப்புறம் தொடங்குவது என் வேலை. அந்த 1,180-இல் பொருளின் விலை எவ்வளவு, அரசுக்குப் போக வேண்டிய ஜிஎஸ்டி எவ்வளவு என்று பிரித்து எழுத வேண்டும்.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஜிஎஸ்டி வந்த 2017 ஜூலையிலிருந்து இந்தப் பிரிப்பைத் தினமும் செய்கிறேன். பிரிக்க நாலைந்து வழி இருக்கிறது. அதில் ஒன்று தப்பு, ஆனால் அதைத்தான் பெரும்பாலானவர்கள் முதலில் செய்வார்கள். மற்றவை சரியான விடைக்குக் கொண்டுபோய் விடும். ஆனால் எந்த இடத்தில், எதற்காகப் பிரிக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒன்று கைக்கு வாகாக இருக்கும், இன்னொன்று தொல்லை கொடுக்கும்.

முதலில் அந்தத் தப்பான வழி. வரி 18 சதவீதம், மொத்தம் 1,180. 1,180-இல் 18 சதவீதத்தைக் கழித்தால் 967 ரூபாய் 60 காசு வருகிறது. உண்மையில் பொருளின் விலை 1,000. அந்த 1,000-க்கு 18 சதவீதம் ஏற்றித்தான் 1,180 ஆனது. ஏற்றியது 1,000-இன் மேல், நாம் கழித்ததோ 1,180-இன் மேல். ஆக, 180 ரூபாய் வரிக்கும் சேர்த்து 18 சதவீதம் கழித்துவிட்டோம். அந்த 32 ரூபாய் 40 காசுதான் பிழை.

இந்தப் பிழை எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு ஒரு எளிய அளவு இருக்கிறது. வரி விகிதத்தை அதே எண்ணால் பெருக்குங்கள். 18-ஐ 18-ஆல் பெருக்கினால் 324, அதை நூறால் வகுத்தால் 3.24. உண்மை விலையில் 3.24 சதவீதம் குறைவாகக் காட்டியிருப்போம். 5 சதவீத வரியில் 5 ஐந்து 25, அதாவது 0.25 சதவீதம்தான். 1,050 ரூபாய் பில்லில் இரண்டரை ரூபாய் வித்தியாசம், யார் கண்ணிலும் படாது. ஓட்டல்காரர்கள், மளிகைக்காரர்கள் பலர் வருடக்கணக்கில் கழித்தே பிரித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான். 5-இல் தப்பு ஒளிந்துகொள்ளும். ஆனால் குளிர்பானம் மாதிரி 40 சதவீத வரி உள்ள பொருளில் 16 சதவீதம் போய்விடும். 1,400 ரூபாய்க்குச் சரியான விலை 1,000. கழித்துப் பார்ப்பவருக்கு 840 கிடைக்கும்.

நானும் தொடக்கத்தில் இப்படித்தான் செய்தேன். ஜிஎஸ்டி வந்த சில மாதங்களில் ஒரு மாதம், 18 சதவீதச் சாமான்களின் சில்லறை விற்பனை கல்லாக் கணக்குப்படி 2,36,000 ரூபாய். அதில் 18 சதவீதம் 42,480 என்று எடுத்து, வரி என்று எழுதி வைத்துவிட்டேன். ரிட்டர்ன், அதாவது அரசுக்குக் கொடுக்கும் வரிக் கணக்கு, போடுவதற்கு முந்தின நாள் ஆடிட்டர் ஆபீசில் என் தாளைப் பார்த்தவர், ஒரு பென்சிலை எடுத்து 2,36,000-ஐ 1.18-ஆல் வகுத்துக் காட்டினார். சரியாக 2,00,000. வரி 36,000. அண்ணாச்சியின் கையிலிருந்து 6,480 ரூபாய் வீணாகப் போயிருக்கும். அதை எந்த வாடிக்கையாளரிடமும் திரும்பக் கேட்க முடியாது. அன்றைக்கு ராத்திரி முந்தைய மாதத் தாள்களையும் எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன்.

சரி, வகுக்கும் வழி. மொத்தத்தை 1.18-ஆல் வகுத்தால் வரி இல்லாத விலை. 5 சதவீதம் என்றால் 1.05, 40 என்றால் 1.40, தங்க நகைக்கு 3 சதவீதம் என்பதால் 1.03. சாதாரணக் கால்குலேட்டர் போதும். வந்த விடையைத் திரும்ப அதே எண்ணால் பெருக்கினால் பழைய மொத்தம் வர வேண்டும், அது ஒரு நல்ல சரிபார்ப்பு. நான் அதிகம் நம்புவது இந்த வழியைத்தான். ஆனால் இதில் விரல் தவறும் இடம் ஒன்று உண்டு: 5 சதவீதத்துக்கு 1.05 என்று தட்டுவதற்குப் பதில் 1.5 என்று தட்டிவிடுவது. 1,050-ஐ 1.5-ஆல் வகுத்தால் 700 வந்து நிற்கும். புள்ளிக்குப் பின்னால் அந்தப் பூஜ்யத்தை விட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். புள்ளி என்றாலே தயங்குகிறவர்கள் நூறால் பெருக்கி 118-ஆல் வகுக்கலாம். கணக்கு அதேதான். பூஜ்யம் தவறும் வாய்ப்பு மட்டும் இல்லை.

விலை வேண்டாம், வரி எவ்வளவு என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றால் பின்ன வழி நேரானது. மொத்தத்தில் 118-இல் 18 பங்கு வரி. சட்டமே இதைத்தான் சொல்கிறது. வரி உட்பட ஒரே தொகையாக விலை வாங்கினால் வரியை எப்படிப் பிரிப்பது என்பது 2017-ஆம் ஆண்டு சிஜிஎஸ்டி (மத்திய ஜிஎஸ்டி) விதிகளில் 35-ஆவது விதி. வரி உட்பட்ட தொகையை வரி விகிதத்தால் பெருக்கி, நூறும் எல்லா வரி விகிதங்களும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். "எல்லா வரி விகிதங்களும் சேர்ந்த" என்ற இடத்தை ஊன்றிக் கவனியுங்கள். நம் மாநிலத்துக்குள் விற்றால் பில்லில் மத்திய வரி 9, மாநில வரி 9 என்று இரண்டு வரிகள் நிற்கும். அதைப் பார்த்துவிட்டு 1,180-ஐ ஒருமுறை 1.09-ஆல் வகுத்து, வந்ததை இன்னொரு முறை 1.09-ஆல் வகுக்கிறவர்கள் இருக்கிறார்கள். 993 ரூபாய் 18 காசு வரும். தப்பு. இரண்டு வரியும் அதே 1,000-இன் மேல் பக்கத்தில் பக்கத்தில் நிற்பவை, ஒன்றின் மேல் ஒன்று ஏறியவை அல்ல. 1,180-ஐ 9-ஆல் பெருக்கி 118-ஆல் வகுத்தால் 90. அது மத்திய வரி. மாநில வரியும் அதே 90.

இந்தப் பின்னத்தைச் சுருக்கினால் சில விகிதங்களுக்கு அழகான எண் கிடைக்கிறது. 5 சதவீதத்துக்கு 21-இல் ஒரு பங்கு. ஓட்டல் பில் 630 என்றால் 21-ஆல் வகுத்தால் 30, அதுதான் வரி. 40 சதவீதத்துக்கு ஏழில் இரண்டு பங்கு. 18-க்கு மட்டும் 59-இல் ஒன்பது பங்கு என்று முரட்டு எண் வருகிறது, அதை மனசில் போட முடியாது. நம் கடையில் பெரும்பாலும் 18 தானே. அங்கேதான் அண்ணாச்சி எனக்கு ஒரு வழி காட்டினார்.

அவர் பழைய வாய்க்கணக்கு ஆள். காலும் அரையும் முக்காலும் அவருக்கு நாக்கு நுனியில் இருக்கும். நான் ஒருநாள் 18-க்கு மொத்தத்தில் எத்தனை சதவீதம் வரி வருகிறது என்று பார்த்து 15.25 என்று சொன்னேன். "அதாவது நூத்துக்குப் பதினஞ்சே கால். அப்படிச் சொல்லுங்க தம்பி, நான் போட்டுக்கிறேன்" என்றார். அன்றிலிருந்து அவர் கால்குலேட்டரைத் தொடுவதில்லை. 2,400 ரூபாய் மொத்தம் என்றால் பத்துக்கு 240, ஐந்துக்கு 120, காலுக்கு 6. ஆக 366. கால்குலேட்டர் 366 ரூபாய் 10 காசு என்று காட்டுகிறது. பத்தாயிரம் ரூபாய்க்கே 42 காசுதான் வித்தியாசம். 5 சதவீதத்துக்கு நாலே முக்கால், பத்தாயிரத்துக்கு ஒரு ரூபாய் 19 காசு குறையும். 40 சதவீதத்துக்கு இருபத்தெட்டரை. 2025 செப்டம்பர் 21 வரை பல பொருள்களுக்கு இருந்த 28 சதவீதத்துக்கு இருபத்தொன்றே முக்காலே அரைக்கால். இது ஒரு காசு பிசகாத விடை, 21.875. அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு) என்ற சொல்லைத் தெரிந்தவர்களே குறைந்துவிட்ட காலத்தில், ஜிஎஸ்டி கணக்குக்குள் அது இப்படிப் பொருந்தி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

வாய்க்கணக்கு பேரம் பேசும் நேரத்துக்கு. "1,150-க்கு முடிச்சுக்கோங்க" என்று ஒருவர் சொல்லும்போது, அதில் வரி 175 போனால் 975 நிற்கும், கொள்முதல் விலைக்கு மேலே இருக்கிறதா என்று அந்த நொடியிலேயே தெரிய வேண்டும். அங்கே காசு பிசகினால் பரவாயில்லை. பில்லில் எழுதவும் ரிட்டர்னில் போடவும் இதைப் பயன்படுத்தக் கூடாது.

அடுத்தது ஜிஎஸ்டி பொத்தான் வைத்த கால்குலேட்டர். தொகையைத் தட்டி, கழித்தல் குறியுள்ள ஜிஎஸ்டி பொத்தானை அழுத்தினால் வரி இல்லாத விலையும் வரியும் வந்துவிடும். கல்லாவில் படிப்புக் குறைந்த பையன் உட்கார்ந்தாலும் தப்பு நடக்காது. சங்கடம் ஒன்றுதான்: பொத்தானுக்குள் என்ன விகிதம் போட்டு வைத்திருக்கிறோமோ அதைத்தான் அது போடும். விகிதம் மாறிய நாளில் கால்குலேட்டர் தானாக மாறாது. வகுத்துப் போடுகிறவர் 1.18 என்று ஒவ்வொரு முறையும் கையால் தட்டுவதால், எந்த விகிதத்தில் போடுகிறோம் என்பது அவருக்குத் தெரிந்தே நடக்கிறது. அதனால்தான் புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களிடம் முதல் மாதம் அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள் என்று சொல்கிறேன்.

விகிதம் மாறிய நாள் என்றதும் சிமெண்ட் ஞாபகம் வருகிறது. 2025 செப்டம்பர் 22-இல் சிமெண்டுக்கு வரி 28-இலிருந்து 18 ஆனது. மறுநாளே, "பத்து சதவீதம் குறைச்சுட்டாங்களே, 400 ரூபாய் மூட்டையை 360-க்குக் கொடுங்க" என்று ஆட்கள் வந்தார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருப்பது போலத்தான் தோன்றும். 400-ஐ 1.28-ஆல் வகுத்தால் 312 ரூபாய் 50 காசு, அதுதான் வரி இல்லாத விலை. அதன் மேல் 18 சதவீதம் ஏற்றினால் 368 ரூபாய் 75 காசு. குறைய வேண்டியது 31 ரூபாய் 25 காசு, 40 அல்ல. பத்து சதவீதம் குறைந்தது வரி இல்லாத விலையின் மேல். மொத்தத்தில் பார்த்தால் எட்டு சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. இதை வாய்வார்த்தையாகச் சொன்னால் யாரும் நம்பவில்லை. ஒரு தாளில் இந்த மூன்று எண்களையும் எழுதிக் காட்டியபோது ஒரு கொத்தனார் அந்தத் தாளையே கேட்டு வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். விகிதம் மாறும்போது பழைய மொத்தத்திலிருந்து நேராகப் புது மொத்தத்துக்குத் தாவக் கூடாது. ஒருமுறை வரி இல்லாத விலைக்கு இறங்கி, அங்கிருந்துதான் ஏற வேண்டும்.

பில் போடும் மென்பொருள், எக்செல் இரண்டையும் ஒன்றாகவே சொல்லிவிடலாம். டாலியில் வரி உட்பட்ட விலைக்குத் தனிப் பத்தி வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. மொத்த விலையைத் தட்டினால் அது உள்ளே வகுத்து வரி இல்லாத விலையைப் போட்டுக்கொள்ளும். எக்செல்லில் ஒரு பத்தியில் மொத்தம், ஒரு பத்தியில் விகிதம், மூன்றாவதில் வகுத்தல். ஒரு நாளைக்கு இருபது பில்லுக்கு மேல் போட்டால் இதைத் தவிர வேறு வழியே இல்லை என்பது என் எண்ணம். ஆனால் இரண்டிலும் ஒரு காசுத் தகராறு வரும், அதை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மொத்தம் 500 ரூபாய், வரி 18. 1.18-ஆல் வகுத்தால் 423.7288 என்று போகும். இரண்டு இடத்துக்குச் சுருக்கினால் 423.73. அதில் 9 சதவீதம் 38.1357, சுருக்கினால் 38.14. இரண்டு வரியையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்: 423.73, 38.14, 38.14. கூட்டுத்தொகை 500 ரூபாய் 1 காசு. வாங்கியது 500. அந்த ஒரு காசை எங்கே தள்ளுவது? சிலர் வரி இல்லாத விலையை 423.72 ஆக்கி ஒட்டுப் போடுவார்கள். அப்போது அதில் 9 சதவீதம் போட்டுப் பார்த்தால் 38.13 வரும், பில்லில் இருப்பதோ 38.14. நான் விலையையும் வரியையும் கணக்கு சொன்னபடி விட்டுவிட்டு, பில்லின் கடைசியில் ரவுண்ட் ஆஃப் என்று ஒரு காசு கழிப்பேன். விலைக்கும் வரிக்கும் உள்ள உறவு கெடாமல் இருப்பதுதான் முக்கியம். அதைத்தான் நாளைக்கு யாராவது சரிபார்ப்பார்கள்.

இத்தனை வழிகளும் ஒரே விகிதம் உள்ள மொத்தத்துக்குத்தான். சூப்பர் மார்க்கெட் பில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அளந்து வாங்கிய அரிசிக்கு வரி கிடையாது, குளியல் சோப்புக்கு 5, துணி துவைக்கும் தூளுக்கு 18. அடியில் இருக்கும் 1,640 ரூபாயை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எந்த எண்ணால் வகுத்தாலும் விடை பொய். ஒவ்வொரு பொருளையும் அதனதன் விகிதத்தில் தனியாகப் பிரித்துத்தான் கூட்ட வேண்டும். பெட்ரோல் பங்க் ரசீதை 1.18-ஆல் வகுத்துக் கொண்டுவந்தவர் ஒருவர் உண்டு. பெட்ரோல், டீசல் ஜிஎஸ்டிக்குள்ளேயே வரவில்லை. அதே மாதிரி கம்போசிஷன் முறையில் (விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மொத்தமாகக் கட்டும் எளிய முறை) இருக்கும் சின்னக் கடைகள் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கவே கூடாது. அவர்கள் தரும் பில்லில் ஜிஎஸ்டி தனியாகப் போட்டிருக்காது. அந்தத் தொகையை 1.18-ஆல் வகுத்து, உள்ளே இவ்வளவு வரி இருக்கிறது என்று வாங்கியவர் தன் கணக்கில் வரவு எடுக்க முடியாது.

சேவைக்குக் கூலி பேசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "எல்லாம் சேர்த்து 50,000" என்று கொட்டேஷன் கொடுத்தால் கையில் நிற்பது 42,372 ரூபாய் 88 காசு. மீதி அரசுக்கு. பில்லில் ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டினால், பணம் கொடுப்பவர் வருமான வரிப் பிடித்தத்தை வரி இல்லாத தொகையின் மேல்தான் செய்ய வேண்டும். மொத்தமாக 50,000 என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லாமல் போகும். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் விலை தனி, வரி தனி என்றே கொட்டேஷன் கொடுப்பது நல்லது. கடையில் அது முடியாது, அங்கே மொத்தமாகச் சொன்னால்தான் ஆள் நிற்பார்.

ஆக, நான் வைத்துக்கொண்டிருக்கும் முறை இது. பேரத்துக்குப் பதினைந்தே கால். கையால் எழுதும் பில்லுக்கும் சந்தேகம் வரும் இடத்துக்கும் 1.18-ஆல் வகுத்தல். மத்திய, மாநில வரியைத் தனித்தனியாகச் சரிபார்க்க 118-இல் 9 பங்கு. மாதக் கணக்குக்கு மென்பொருள், ஆனால் ரிட்டர்னுக்கு முன்னால் பத்துப் பில்லைக் கையால் வகுத்துப் பார்த்துவிட்டுத்தான் விடுவேன். ஜிஎஸ்டி பொத்தான் கால்குலேட்டர் அண்ணாச்சியின் மகன் கல்லாவில் இருக்கும்போது மட்டும்.

எந்த வழியாலும் பிரிக்க முடியாத ஒரு மொத்தமும் உண்டு என்பதை என் அக்காவின் ரெடிமேட் கடையில்தான் பார்த்தேன். ஆயத்த ஆடைக்கு இப்போது ஒரு உருப்படி 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18. சுடிதார் செட் ஒன்றுக்கு எல்லாம் சேர்த்து 2,700 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாள். "இதில வரி எவ்வளவுன்னு போட்டுக் கொடுடா" என்றாள். 2,500-க்கு மேல் இருக்கிறதே என்று 1.18-ஆல் வகுத்தேன். 2,288 வந்தது. அது 2,500-க்குக் கீழே, அப்படியானால் 5 சதவீதம் அல்லவா? 1.05-ஆல் வகுத்தேன். 2,571. அது 2,500-க்கு மேலே, அப்படியானால் 18 அல்லவா? இரண்டு பக்கமும் மாறி மாறித் தள்ளியது. கால்குலேட்டரை வைத்துவிட்டு யோசித்தபோது காரணம் புரிந்தது. வரம்பு வரி இல்லாத விலைக்கு, ஸ்டிக்கர் விலைக்கு அல்ல. 2,500-க்கு 5 சதவீதம் ஏற்றினால் 2,625. 2,500-ஐ ஒரு ரூபாய் தாண்டினாலே 18 சதவீதம் ஏறி 2,950-ஐத் தாண்டிவிடும். இடையில் உள்ள எந்த மொத்தத்துக்கும் சரியான விலை என்று ஒன்று இல்லவே இல்லை.

"அப்போ நான் என்ன விலை போடறது?" என்றாள். ஒன்று 2,625-க்கு இறங்கு, இல்லை 2,950-க்கு மேலே போ என்றேன். 2,950-ஐ ஒட்டி மேலே போனால் வாங்குபவர் கொடுக்கும் கூடுதல் பணம் ஏறக்குறைய முழுக்க வரிக்கே போகும், அவளுக்கு ஒன்றும் மிஞ்சாது. அக்கா அலமாரியைத் திறந்து, அந்த ரகத்தில் இருந்த பதினான்கு செட்டையும் எடுத்து மேசையில் போட்டு, ஸ்டிக்கரை ஒவ்வொன்றாக நகத்தால் கிள்ளி எடுக்க ஆரம்பித்தாள். நான் 2,625 என்று புது ஸ்டிக்கர் எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.